ஒரு மணி நேர டிஸ்க்

கள்ளக்குறிச்சியில் வீடியோ கடை வைத்திருக்கும் நவுஷாத்தின் மனைவி ருக்ஷானா, வெள்ளிக்கிழமைதோறும் பகல் இரண்டரை மணியிலிருந்து மூன்றரை வரை யார் கண்ணுக்கும் சரியாகத் தெரிவதில்லை. தெருவுக்கே இது தெரியும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் அவளைத் தேடி வருவதில்லை. விவரம் தெரியாத சிலிண்டர்க்காரர் மட்டும் ஒருமுறை வந்து, புள்ளி புள்ளியாக ஆடிய ஒரு கையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது.

பழைய கல்யாணக் கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தருவது நவுஷாத்தின் தொழில். ஒரே டிஸ்க்கில் நான்கு மணி நேரத்தை அடைத்துக் கொடுத்தால்தான் ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. படம் மங்கினாலும் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தால் போதும். அந்தப் பழக்கத்தில் தன் வீட்டுக் கேசட்டையும் அப்படியே அடைத்துவிட்டான். கரியாலூர் அருவிக்குப் போன அன்று அவனே எடுத்தது அது. தண்ணீருக்கு முன்னால் ருக்ஷானா, அவள் இடுப்பில் மூன்று வயது நிஷாத். அடுத்த மாதமே காய்ச்சலில் பிள்ளை போய்விட்டான். அவன் ஓடியதற்கும் சிரித்ததற்கும் இந்த ஐம்பத்தெட்டு நிமிடத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நான்கு மணி நேரப் பதிவுக்கு அருவி ஒத்துவராது. சாரல் கட்டம் கட்டமாக உடைந்து பிள்ளையின் முகத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. "சிரிக்கிறானா அழுவுறானான்னே தெரியலீங்க. நல்லா தெரியற மாதிரி பண்ணுங்க," என்றாள் ருக்ஷானா. அவள் அவனிடம் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை.

நவுஷாத் கேசட் மெஷினின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டு நல்ல ஒயர் மாட்டினான், ஒரு டிஸ்க்கில் ஏற்றும் நேரம் குறையக் குறையப் படம் தெளியும் என்பதால் இரண்டு மணி நேர முறையில் பதிந்தான். பிள்ளையின் கன்னக்குழி தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்ஷானாவின் சேலையிலிருந்த சிவப்பு, கரையைத் தாண்டி வெளியே ஒழுகியதைத் தன் கண்ணின் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். ஒரு மணி நேர முறையில் பதிந்தபோது கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. சாரல் துளித்துளியாக விழுந்தது, நிஷாத்தின் முன்பற்களுக்கு நடுவிலிருந்த சந்துகூடத் தெரிந்தது. நாற்காலியில் ருக்ஷானா இருந்த இடத்தில், சேனல் வராத டிவி போல வெறும் புள்ளிகள். டிஸ்க் நின்றதும் திரும்பி வந்தாள். படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருப்பவரிடமிருந்துதான் டிஸ்க் தெளிவை எடுத்துக்கொள்கிறது. போனவரிடம் எடுக்க என்ன இருக்கிறது? கேமராவுக்குப் பின்னால் நின்றதால் நவுஷாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்தைவிடப் பயம் பெரிது. அவன் அம்மா காசிம் பீவி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிய கயிறு வாங்கி வந்து மருமகள் கழுத்தில் கட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை ருக்ஷானா மங்கிப்போனாள், கயிறு மட்டும் அந்தரத்தில் பளிச்சென்று நின்றது. அதைப் பார்த்த காசிம் பீவி மூன்று நாள் சாப்பிடவில்லை. நவுஷாத் யாருக்கும் சொல்லாமல் ஆறு மணி நேர முறையில் இன்னொரு டிஸ்க் பதிந்து, ஒரு மணி நேர டிஸ்க்கின் உறையில் போட்டு வைத்தான். அது ஓடியபோது ருக்ஷானா என்றைக்கும் இல்லாத தெளிவோடு இருந்தாள். மூக்குத்திக் கல்லில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளயோட பல்லு எங்கங்க?"

"கேசட்டு பூஞ்சை புடிச்சிடுச்சு போல," என்றான் நவுஷாத்.

"அந்த டிஸ்க்க எடுத்துப் போடுங்க."

"நீ ஒரு நாளு அப்படியே போயிட்டீன்னா நான் இன்னா பண்றது?"

"வாரத்துல ஒரு மணி நேரம்தானே கேக்குறேன். மிச்ச நேரமெல்லாம் உங்ககூடத்தானே இருக்கேன்."

அவன் எழுந்துபோய் மாற்றிப் போட்டான். அதற்குப் பிறகு எட்டு வருடமாக, ஜும்மா தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்காமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். பிடித்த இடத்தில் லேசாகக் குறுகுறுக்கும், அவ்வளவுதான். முதல் வருடம் டிஸ்க் நின்ற மறுநொடி அவள் வந்துவிட்டாள். நான்காம் வருடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் ஆனது. அவன் சொல்லவில்லை, அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை டிஸ்க் நின்ற பிறகும் நீலத் திரைக்கு முன்னால் பதினான்கு நிமிடம் காலி நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். டீ ஆறிவிட்டது. அவள் வந்ததும் சூடு பண்ணிக் கொடுத்தான், குடித்தாள். தெருவில் இப்போது மூன்றே முக்கால் வரை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.