புளி படாத பளிங்கு

பச்சையம்மாளின் அடுப்படியில் எதற்கும் இடமுண்டு; பளிங்கு மேடைமேல் மட்டும் புளிக்கும் எலுமிச்சைக்கும் இடமில்லை. திருப்பதியில் மூடிப்போன ஒரு காபி ஓட்டலிலிருந்து கட்டைவண்டியில் வந்து இறங்கிய பலகை அது. முட்டிவலியால் குந்தி எழ முடியாத அவள் நின்றுகொண்டே சமைக்க, தன் கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கினாள். சித்தூரில் அந்தத் தெருவே, "துரைசானி வந்துட்டாடி!" என்று கைகொட்டிச் சிரித்தது. சிரித்தவள் ஒருத்தியாவது வந்து அதைத் தடவிப் பார்க்காமல் போயிருப்பாளா? மாட்டாள்.

அப்போது எல்லைப் பேச்சு முடிந்து, திருத்தணி மதராசுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு என்று ஆகியிருந்த நேரம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் வேதாச்சலமும் அந்த ஆபீஸ்தான். "யாரு எங்க போனாலும் நம்ம வூட்ட வுட்டு நான் நகரமாட்டேன்" என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். அவளும் நம்பினாள். கட்டினவன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதாச்சலம் ஓர் இளம்பெண்ணைக் கூட்டிவந்தான்.

"மனோரமா. திருப்பதிக்காரங்க. இவங்க வூட்லயும் பளிங்கு மேடை வருதாம். எப்டி வெச்சிக்கறதுன்னு சொல்லிக்குடு. உன்னாட்டம் யாருக்குத் தெரியும்?"

இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கல்லைப் புகழ்ந்ததே இல்லை. பச்சையம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"புளித்தண்ணி பட்டா பளபளப்பே போயிடும் கண்ணு. பித்தளைய மேடைமேல வெச்சிப் புளிபோட்டுத் தேய்க்காத. சாம்பலு, செங்கல்தூளு, தேங்காநாரு கிட்டயே வரக்கூடாது. சோப்புத்தண்ணியில துணிய நனைச்சித் தொடச்சி, உடனே ஈரத்த எடுத்துடு. எண்ணெக்கறை ஊறிட்டா ஆப்பசோடாவக் குழைச்சி அப்பி, காஞ்சதும் வழிச்சிடு. சட்டிய அடுப்புலேர்ந்து எறக்கினா பிரிமணைமேல வையி."

மனோரமா ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு மேடையை ஜாண்போட்டுப் பார்த்தாள். "எங்க குமுட்டி அடுப்பு இந்த மூலையிலே சரிபோயிடும். அக்கா, நீங்க சித்திரைக்குள்ள காலி பண்ணிடுவீங்கதானே?"

"யாரு காலி பண்றது?"

"சாருக்குத் திருத்தணிக்கு மாத்தல் ஆயிடுச்சாமே! வூட்ட எங்க பேருக்கு ரிஜிஸ்டரும் பண்ணிட்டாரே. அய்யோ அக்கா... உங்களுக்குத் தெரியாதா?"

பச்சையம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் வாசற்படியைப் பார்த்தான்.

"சொன்னா அழுவ, ஊரக் கூட்டுவ. அதான் சொல்லல. இனிமே இங்க தமிழ் குமாஸ்தாவுக்கு என்னாடி இருக்குது? அங்க போயி வேற கல்லு போட்டுத் தரேன்."

விற்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் வாயாலேயே அவள் அடுப்படியை இன்னொருத்திக்கு ஒப்படைக்க வைத்தானே, பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டு! அந்தப் புகழ்ச்சியில் மயங்கிப்போன தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கழுத்தறுப்பதற்கு முன் ஆட்டுக்கு மாலை போடுகிறவர்கள்கூட அதனிடம் பாடம் கேட்பதில்லை.

மனோரமா அழ ஆரம்பித்தாள். "நீ ஏன் கண்ணு அழுவற? உன்மேல தப்பு இல்ல" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, பச்சையம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "திருத்தணிக்கு நீங்க போங்க. நான் இந்தப் பக்கமே, நகரிக்கு எங்க நைனா வூட்டுக்குப் போறேன். சர்க்காரு எல்லைய எங்க போட்டாங்களோ, நீங்க இந்த வூட்டுக்குள்ளயே போட்டுட்டீங்க."

வேதாச்சலம் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் அதற்குள் உள்ளே போய்ச் சேலைகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.