கோடுகளுக்கு இஸ்திரி போட்டவர்

வேலை முடிந்து புறப்படுமுன் மேசையைத் துடைத்து வைப்பவர்கள் உண்டு. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தென்கடல் தீவுநாடொன்றின் தலைநகரான வெலிங்டனில், குன்றின் அடிவாரத்து அனிமேஷன் கூடமொன்றில் பணிபுரிந்த அலஸ்டேர், புறப்படுமுன் கோடுகளைத் துடைப்பார். கணினிக்குள் கேமரா நகரும் வழி, திரையில் வளைகோடாகத் தெரியும். அதில் ஒரு மேடோ பள்ளமோ கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு இரவு உணவு தொண்டையில் இறங்காது. சமனாக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். கோடு இஸ்திரி போட்ட சட்டையாகும். பிறகு பழைய பிரதிகளைக் குப்பையென்று அழித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தம் கோடு, பிறர் கோடு என்ற பேதம் அவரிடம் இருந்ததில்லை. அதை ஓர் அறமென்றே எண்ணியிருந்தார்.

ஒருநாள் அந்த அறம் சேலாவின் கோடுகள்மீது பாய்ந்தது.

சேலா டோங்காத் தீவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். கூடத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு காட்சியை முழுவதும் தானே செய்ய முதன்முறையாக அவளுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது. முதிய தபால்காரர் ஒருவரின் தொப்பியை வெக்கா என்னும் திருட்டுப் பறவை கவ்விக்கொண்டு ஓட, அவர் அதைத் துரத்திப் படிகளில் ஏறுகிறார். எல்லாம் அவருடைய கண்வழியே தெரிய வேண்டும். கையசைவைக் கணினிக்குள் கேமராவின் அசைவாகப் பதியும் கருவியை ஏந்திக்கொண்டு, கூடத்தின் பின்வாசற் படிகளில் சேலா தானே ஓடினாள். கருவி மிக லேசானது. லேசான பொருள் நடுங்கும். கனமான பொருள்தான் நிதானமாக அசையும். மனிதத் தலைக்குக் கனமுண்டு அல்லவா? ஆகவே அதனடியில் ஒரு பை சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கட்டிக்கொண்டு ஓடினாள். முழங்கால் வீங்கியது, காட்சி உயிர்பெற்றது. அன்று மாலை அலஸ்டேர் அதற்கும் இஸ்திரி போட்டார்.

மறுநாள் காலை எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். இயக்குநர் கஹுரங்கி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சேலா, இவரு படியேறி ஓடுறாரா, எஸ்கலேட்டர்ல போறாரா?"

"நேத்து இப்படி இல்லையே..."

"நேத்தைய மீனை இன்னைக்கு எப்படிம்மா சாப்பிடுறது? சாயங்காலம் வரைக்கும் பாரு. சரியா வரலைன்னா, கேமராவ ஓரமா நிறுத்தி வச்சு அவரு ஓடுறத வெளியேருந்து காட்டிருவோம். அதுக்கு நீ வேணாம், வேற ஆளு செஞ்சிடுவாங்க."

நடந்தது என்னவென்று அலஸ்டேருக்கு அந்தக் கணமே விளங்கியது. சொல்வதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு கேக் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார்.

கொக்கு ஒன்று, தன் முகம் தெளிவாகத் தெரியவில்லையே என்று குளத்தின் அலைகளை வெறுத்ததாம். ஒருநாள் காற்று நின்றது. கொக்குக்குத் தன் முகம் தெரிந்தது. மீன்களுக்கும் கொக்கின் முகம் தெரிந்தது. அன்று கொக்கு பட்டினி. அலஸ்டேரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் பட்டினி கிடக்கவிருந்தவள் சேலா.

ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாமென்று அவர் அந்தக் காட்சியைத் திறந்து, மென்பொருள் தானாகவே உண்டாக்கும் நடுக்கத்தை அதில் ஏற்றினார். பின்னால் சேலாவின் காலடியோசை கேட்டது.

"அங்கிள், தபால்காரர் ஏன் வாஷிங் மெஷின் மேல உக்காந்திருக்காரு?"

அவர் அளவைக் கூட்டினார்.

"இப்ப மெஷினுக்குள்ளயே போயிட்டாரு. சரி, என் ஷாட்ட நீங்க எதுக்குத் தொடுறீங்க?"

அலஸ்டேர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "நான்தாம்மா துடைச்சேன். பழைய பிரதியும் போச்சு."

"நான் மூச்சு வாங்கினதையா துடைச்சீங்க?"

"அழுக்குன்னு நெனச்சேன்."

சேலா அவரைத் திட்டவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு சன்னல்பக்கம் திரும்பி நின்றாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேநீர் வேளையில் அனைவர் முன்னிலையிலும் அலஸ்டேர் எழுந்தார். "கஹுரங்கி, அந்த ஷாட்டக் கெடுத்தது நான். காலையிலயே சொல்லியிருக்கணும், சொல்லல. அவ முட்டி வீங்கியிருக்கு. நான் ஓடுறேன்."

"நீயா? லிஃப்ட் நின்னா லீவு போடுற ஆளாச்சே நீ."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கிழங்குப் பையைக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார். தென்துருவக் குளிரைச் சுமந்த தெற்குக் காற்று எதிரே நின்று தள்ளியது. சேலா திரையைப் பார்த்தபடி கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"அங்கிள், பறவையத் துரத்துங்க. பஸ்ஸுக்குக் காத்து நிக்காதீங்க."

"துரத்திட்டுத்தாம்மா இருக்கேன்."

"பறவைக்கு அது தெரியணுமில்ல?"

வளைவில் அவர் கால் தடுக்கிற்று. திரையில் உலகம் பெரணிச் செடிகளுக்குள் கவிழ்ந்தது, சற்றுக் கிடந்தது, பின்பு மெல்ல நிமிர்ந்து, ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படியேறியது. சேலா கேலியை மறந்து திரையருகே குனிந்தாள்.

மாலையில் அவள் அந்தப் பதிவை, தபால்காரரின் ஒவ்வோர் அடிக்கும் பொருத்தி அமைத்துக் காட்டினாள். கஹுரங்கி இரண்டாம் முறையும் போடச் சொன்னாள்.

"இந்த ஆளு உச்சிக்குப் போறதுக்குள்ள செத்துருவாரு போலிருக்கே." தலையை நிமிர்த்திக்கொண்டாள். "இருக்கட்டும். இதுதான் படத்துல வரும். யாரு பேரு போட?"

"சேலா பேரு," என்றார் அலஸ்டேர். "நான் கிழங்கு தூக்கினவன்."

எல்லாரும் புறப்படும் நேரத்தில், பழக்கம் அவரைச் சேலாவின் மேசைக்கு அழைத்து வந்தது. வளைகோட்டில் அந்தத் தடுக்கல் ஒரு குன்றுபோல் துருத்திக்கொண்டிருந்தது.

"இத மட்டும் லேசா..."

"அங்கிள்."

கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "பூட்டிடும்மா. எனக்குத் தெரியாத கடவுச்சொல்லா வச்சுப் பூட்டு. இந்தக் கைய நானே நம்பல."

சேலா பூட்டினாள். அது முடியும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.