பதினோரு குரங்குகளின் ரத்தம்

“எழுதிக் கொடுங்க, டாக்டர்.”

கேட்டே விட்டேன். கணக்கு எழுதும் கிராணியிடமும் வேலை வாங்கும் மண்டோரிடமும் இதை மட்டும் கேட்கக்கூடாது என்று ரப்பர் தோட்டத்தில் என்னைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அப்பா ஆரோக்கியநாதன். கேட்டவனுக்கு மறுவாரம் வேலை இருக்காதாம். பட்டம் வாங்கி நான் சிரம்பான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றும் அதையேதான் சொன்னார்.

டாக்டர் கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னத்த எழுதணும், ஆக்னஸ்?”

“பதினோரு குரங்குக்கும் நோய், நாளைக்கு ஊசி போட்டுக் கொன்னுடணும்னு வாயால சொன்னீங்களே, அதத்தான்.”

லிங்கி பக்கம் ரப்பர் காட்டில் பிடித்த குரங்குகள். மனித ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி அணுக்களைக் கண்டுபிடிக்க வாங்கிய ஆன்டிபாடியை இவற்றின் ரத்தத்தில் விட்டோம். டி அணு இருந்தால் அதில் போய் ஒட்டி, நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். ஒன்றுகூட ஒளிரவில்லை. எதிர்ப்பு அணுவே இல்லை, ஏதோ தொற்று என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

நோய் வந்த குரங்கா வாழைப்பழத்துக்கு அப்படி அடித்துக்கொள்ளும்? மனிதனுக்கென்று செய்த ஆன்டிபாடி. குரங்கின் அணு அதற்குப் பிடிபடாமல் போயிருக்கலாம். பழைய சோதனை ஒன்று உண்டு. செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களைக் கலந்தால் அவை டி அணுவைச் சுற்றிப் பூப்போல ஒட்டிக்கொள்ளும், மனிதனானாலும் குரங்கானாலும். ரப்பர் மரத்தடியில் அப்பா மேய்ப்பது தோட்டத்துச் செம்மறிகளைத்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து அவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, நான் கழுத்தில் ஊசி ஏற்றினேன்.

“குரங்குக்கு ஆட்டு ரத்தமா? ஃபாதர்கிட்ட சொல்லிடாத லா,” என்று சிரித்தார்.

இப்போது சிலைடுகளை ஒவ்வொன்றாக டாக்டரின் நுண்ணோக்கியில் வைத்தேன். பதினொன்றிலும் பூப்பூவாய் டி அணுக்கள்.

அவர் நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. “கோலாலம்பூருக்கு ரிப்போர்ட் போயிடுச்சும்மா. அடுத்த வருசம் ரிட்டயர் ஆவுறேன். தப்புன்னு நானே எப்படி எழுதறது?”

திட்ட வந்ததை விழுங்கினேன்.

“நோய்னு எழுதுங்க. இல்லாட்டி தப்புன்னு எழுதுங்க.”

பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. “கொஞ்சம் பொறும்மா.”

“நாளைக்குக் காலையில ஊசி. எங்க பொறுக்கிறது?”

சிலைடுப் பெட்டியைப் பைக்குள் வைத்தேன். குரங்குக் கூண்டின் ஒரே சாவியைக் காலையிலேயே அதில் போட்டாயிற்று. பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் மூடுவதற்குள் போய்விடலாம்.

“சாவி எங்க, ஆக்னஸ்?”

“எங்கிட்ட. பழத்தக் கம்பி வழியா போடச் சொல்லியிருக்கேன்.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.