ஐந்து தட்டு

நவம்பர் 18, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். கேரவனின் பின்சக்கர ஆக்சில்கள் இரண்டையும் கழற்றும்போது, எது இடது, எது வலது என்று சாக்பீஸால் குறி போட மறந்துவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், நோட்டை மடியில் வைத்து, இப்படித் தொடங்கி வேலை முடிந்தது வரை எழுதிவிட்டு அப்ஸானா பேனாவை மூடினாள். மாலை வகுப்பில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிப்பவர்கள் அன்றன்று செய்த வேலையை எழுதிக்கொண்டு வர வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்வார் ஆசிரியர். அவளும் அப்படித்தான் எழுதுவாள். முறுக்கிய போல்ட்டுகளை எண்ணி எழுதுவாள்; எழுதியது சரிதானா என்று மறுபடி போய் எண்ணிப் பார்ப்பாள். இன்றுதான் முதல் முறையாக ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்திருந்தாள்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்களுடையது அல்ல. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்து கோட்டக்குப்பம் பக்கம் விட்டுப் போன பழைய வேன். ராயப்பன் அதை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, மனைவி புனிதாவோடு அதிலேயே குடியிருந்தார். திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே பொம்மைக் கடை. போன மார்ச்சில், பனமலை ஏரிக்கரையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனார். வண்டி தானாகவே வேகம் குறைந்து கரையோரம் போய் நின்றது. அதன் பிறகு புனிதா ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாளை மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் கடை போட்டாக வேண்டும். ஓட்ட முடியாவிட்டால் வேனை விற்றுவிட்டுக் கொழுந்தன் வீட்டு மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்ட விடாமல் செய்தது ஒரு சத்தம். மேட்டில் ஏறும்போது பின்னால் டக் டக் என்று கேட்டது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் முனையில் இருக்கிற ஜாயிண்டுக்குள் குண்டுகள் தேய்ந்தால் அப்படித்தான் கேட்கும்.

"அவரு ஓட்டும்போது ஸ்டியரிங்க வெரலால தட்டிக்கினே வருவாரு. அஞ்சு தட்டு. அப்பறம் நிறுத்திடுவாரு. பின்னாடி சத்தம் கேட்டா எனக்கு அவரு நெனப்பு வந்து வண்டிய ஓரங்கட்டிடறேன் பாப்பா. அத மட்டும் எடுத்துக் குடு" என்றாள் புனிதா.

இந்த வேனுக்குப் புது ஜாயிண்ட் எங்கும் கிடைக்காது. திண்டிவனத்தில் அப்ஸானா வேலை பார்க்கும் மெக்கானிக் ஷெட்டின் முதலாளி சர்புதீனுக்கு ஒரு வழி தெரியும். இரண்டு ஆக்சிலும் ஒரே அளவு. இடது ஆக்சிலை வலப்பக்கமும் வலது ஆக்சிலை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டினால், ஜாயிண்டுக்குள் தேய்ந்த பக்கம் ஓய்ந்து, தேயாத பக்கம் வேலை செய்யும். அப்ஸானா இரண்டையும் கழற்றித் துடைத்து, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் குறி போடாதது ஞாபகம் வந்தது.

"எது எந்தப் பக்கம்னு தெரியலண்ணே."

"ரெட்டப் புள்ளைங்கள பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதாம், ஒனக்கென்ன. எதையாச்சும் எடுத்து மாட்டு. ஜல்தி."

ஒன்றை எடுத்து வலப்பக்கம் பூட்டினாள். இன்னொன்று மேஜையிலேயே கிடந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் ஜாக்கி மேல் தரையைத் தொடாமல் நின்றன. பூட்டியது சரிதானா என்று பார்க்க வலது சக்கரத்தைக் கையால் சுற்றினாள். வேனுக்கு அடியில், அந்தப் பக்கத்தில், இடது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது.

அதில் அதிசயமில்லை. இரண்டு ஆக்சிலும் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியில் பூட்டியிருந்தால், ஒரு சக்கரத்தைச் சுற்ற மற்றது எதிராகச் சுற்றும், பாடத்திலேயே இருக்கிறது. அவள் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் பூட்ட வேண்டிய ஆக்சில் அங்கே கிரீஸ் மினுங்கக் கிடந்தது. அந்தச் சக்கரம் இப்போது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. அவள் வலது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். இடது சக்கரம் இன்னும் அரைச் சுற்று சுற்றிவிட்டு, யாரோ உள்ளங்கையை வைத்தது போல நின்றது.

நோட்டில் எழுதாமல் விட்ட இடம் இதுதான். காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கதவு மூடியிருந்தது. கை அதிர்ந்து வேன் குலுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இடது ஆக்சிலையும் பூட்டி முடித்தாள்.

நான்கு மணிக்குப் புனிதா ஓட்ட, அப்ஸானா பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தார்கள். பாலத்தின் ஏற்றத்தில் சத்தமே இல்லை. புனிதா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"கைராசிக்காரிடி நீ. மலையனூர்ல வந்து ஒனக்கு ஒரு பொம்ம எடுத்துக்க."

"எனக்கு எதுக்குக்கா பொம்ம?"

"அப்ப ஊதல் எடுத்துக்க. ஒங்க மொதலாளி காதுல ஊது."

இறக்கத்தில் அது வந்தது. டக், டக், டக், டக், டக். ஐந்து. பிறகு இல்லை. ஜாயிண்ட் தேய்ந்த சத்தமாக இருந்தால் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் ஓயக் கூடாது. வேன் அதே வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அது பின்னாலிருந்தும் வரவில்லை. அப்ஸானா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். புனிதாவின் பத்து விரல்களும் அதை இறுகப் பிடித்திருந்தன.

"கேட்டுச்சா?" புனிதா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லக்கா. எதுவும் கேக்கல."

"நெஜமா?"

"சத்தம் போயிடுச்சுக்கா."

புனிதா தலையாட்டினாள். "அப்ப எனக்குத்தான் புத்தி பேதலிச்சிப் போச்சு" என்றாள், கடைக்கு வந்தவரிடம் விலை சொல்வது போல. ஷெட்டில் இறங்கும்போது சாவியை அவளாகவே அப்ஸானாவின் கையில் வைத்தாள். "இன்னைக்கு இங்கயே நிக்கட்டும் பாப்பா. நான் நாத்தனார் ஊட்டுல படுத்துக்கறேன். காலையில வந்து சொல்றேன், ஓட்டறனா விக்கறனான்னு."

பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியது. சாவி இன்னும் அவள் பையில் இருந்தது. குறியைச் சரியாகப் போட்டிருந்தால் பூட்டியது சரி என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். அப்போது, அந்த ஐந்து தட்டு ஜாயிண்டின் சத்தம் அல்ல, வேறு என்றும் சொல்லியிருக்கலாம். அவள் நோட்டைத் திறந்து, தாண்டிப் போன இடத்துக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு, சக்கரம் சுற்றியதையும், ஐந்து தட்டையும், தான் சொன்ன பொய்யையும் வரிசையாக எழுதினாள். முன் சீட்டின் கம்பியில் யாருடைய கையும் இல்லை. அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அது ஐந்தோடு நிற்கிறதா என்று அவள் எண்ணத் தொடங்கவில்லை.

நாளை: காலை எட்டு மணிக்குள் ஷெட்டுக்குப் போவது. புனிதா அக்காவிடம், எனக்கும் கேட்டது என்று சொல்வது. பிறகு இரண்டு ஆக்சில்களையும் சாக்பீஸால் குறி போட்டுக் கழற்றுவது.