வெள்ளிக் கேபிளும் பாம்புக்காதும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். ஒரு தந்தி மயிரிழை தளர்ந்திருந்தாலும் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார். அந்தப் பெயர்தான் இத்தனை வருடம் சோறு போட்டது. இப்போது அதுவே கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது.

எல்லாம் ஒரு கேபிளால் வந்தது. வெள்ளிக் கம்பி வைத்த ஸ்பீக்கர் கேபிள் ஒன்றை முதலாளி வாங்கி வந்து மாட்டினார். கேட்ட மாத்திரத்தில் சகலை துள்ளினார். சகலை என்றால் பாம்புக்காதின் மனைவியுடைய தங்கை கணவர். இவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்த ஆள்.

“அடேயப்பா! கண்ணாடியைத் துடைச்ச மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்குதில்ல, சகலை?”

கேட்கவில்லை. பழையதிலும் அதே பாட்டு, புதியதிலும் அதே பாட்டு. “ம்ம்” என்று சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து அதே யோசனை. கேபிளை மாற்றினால் ஒரு மண்ணும் மாறாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் இவர்தான். ஆனால் நிஜமாகவே மாறவில்லையா, தன் காதுதான் போய்விட்டதா? உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. பாட்டுகளுக்குக் கடைசி மெருகு போடும் நாற்காலி அங்கே ஒன்றுதான். அதில் செவிடனை யார் உட்காரவைப்பார்கள்?

முதலாளி பரீட்சை வைத்தார். “ரெண்டு பேரும் உக்காருங்க. நான் துணிக்குப் பின்னால மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சொல்லுங்க. யாருக்குக் காது இருக்குன்னு பாத்துடலாம்.”

துணிக்குப் பின்னால் டக் டக்கென்று சத்தம். பாட்டு ஓடி நின்றது. மறுபடி சத்தம், மறுபடி பாட்டு.

“மொதல்ல பழசு. இது வெள்ளி. சந்தேகமே இல்ல” என்றார் சகலை.

இவர் யோசித்தார். நானும் அதையே சொல்லிவிட்டால் என்ன? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு.”

“காதுல அழுக்கு கிழுக்கு எடுத்தீங்களா, சகலை?”

முதலாளி துணியை விலக்கிக்கொண்டு வந்தார். வெள்ளிக் கேபிள் அவர் தோளில் மாலை மாதிரி தொங்கியது. “மாத்தவே இல்லைய்யா. குனிஞ்சதும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சும்மா டப்பாவைத் தட்டிக்கிட்டு இருந்தேன்.”

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. இவருக்கோ போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

“சரி, இத விடுங்க” என்று முதலாளி காதைத் தேய்த்தார். “பாட்டு நின்னா கீச்சுனு ஒண்ணு வருதே, அது என்ன?”

“ஆமா, காலையில இருந்து உயிரை வாங்குது” என்றார் சகலை.

இருவரும் இவரைப் பார்த்தார்கள். அறை இவருக்கு நிசப்தமாக இருந்தது. சுத்தமான நிசப்தம். சிரிப்பு நின்றுபோனது.

“எதுல இருந்து வருது, பாம்புக்காது?”

“பாத்துடலாம்” என்று எழுந்தார். பக்கத்தில் இருந்த பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் அப்படியே இருந்தது. அடுத்ததை அணைத்தார். சுருக்கம் போகவில்லை. மேசைக்கடியில் இருந்த கணினித் திரையின் அடாப்டரைப் பிடுங்கினார். சுருக்கம் விலகியது.

“இதுதான்” என்றார்.

“அப்பாடா! பாம்புக்காதுன்னா சும்மாவா?” முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

சகலை நகரவில்லை. இவருடைய கண்கள் எங்கே போய் எங்கே வந்தன என்பதை அவர் கவனித்திருந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சகலை, கண்ணை மூடிக்குங்க” என்றார் மெதுவாக. “நான் அந்த அடாப்டரைத் திரும்ப மாட்டறேன். கீச்சுனு கேட்டா கையத் தூக்குங்க.”

இவர் கண்ணை மூடினார். கை மடியிலேயே கிடந்தது.