வாஷிங் மிஷினுக்கு ஆயிரம் அடிக் காற்று

பெரியநாயகிக்கு வேண்டியது ஒரே ஒரு புது வாஷிங் மிஷின். பழையது தண்ணீரை வெளியே விடாமல் குளம் கட்டிக்கொண்டு நின்றுபோனதிலிருந்து, புருஷன் சென்னியப்பனின் பேண்ட்டுகளைக் கையால் அடித்துத் துவைத்து அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. போர்வெல் ரிக் ஓட்டுகிறவர் உடுப்பு என்றால் சும்மாவா? பாறை மாவும் கிரீஸும் குழைந்து அப்பியிருக்கும்.

“ஏனுங்க, மெக்கானிக்கே பழசைத் தலைமுழுகிருங்கன்னுட்டாரு. புதுசு எடுத்துரலாமுங்க.”

“அடைப்புக்குப் போயி ஆராச்சும் மிஷினை மாத்துவாங்களா புள்ள? ஆயிரம் அடியில கெடக்கற கல்லு மண்ணையே மேல தூக்கி வீசற காத்து நம்மகிட்ட இருக்குது” என்றார் சென்னியப்பன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எது கெட்டாலும் கம்ப்ரஸர் காற்றைக் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். மழைக்கு வண்டி ஷெட்டில் நின்றது வேறு வசதியாகப் போயிற்று. அவரும் கூட்டாளி காளியண்ணனும் மிஷினை ஷெட்டுக்குக் கொண்டுபோக டெம்போவில் ஏற்றினார்கள். என்ன கூத்து நடக்கிறதென்று பார்க்கப் பெரியநாயகியும் ஏறிக்கொண்டாள்.

ரிக்கின் ஹோஸை மிஷினின் கழிவுக்குழாயில் சொருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, “கொஞ்சமாத் தொறப்பா” என்றார் சென்னியப்பன். காளியண்ணன் கை அறிந்த கொஞ்சம், பாறைக்கான கொஞ்சம். டமார் என்றது. மூடி பறந்துபோய் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. டிரம் உருண்டு ரோட்டைத் தாண்டி ஓடியது.

“அடைப்பு போயிருச்சுங்க” என்றார் காளியண்ணன்.

பெரியநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இனிப் புதுசுதான் என்று நெஞ்சு குளிர்ந்தது. அதுவும் அரை நிமிஷம்தான்.

“டிரம்முல ஒரு கீறல் இல்ல பாரு புள்ள. மத்ததைக் கோத்துட்டா ஒரு மாசத்துல ஓட்டிப்புடலாம்” என்றார் மனுஷன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுக்கு பேண்ட் வாளியைக் குழாயடியில் வைத்தாள். பக்கத்தில் சோப்பும் பிரஷும் வைத்தாள்.

“மிஷினை நீங்க பொறுமையா ரெடி பண்ணுங்க. அதுவரைக்கும் இதையும் நீங்களே பாத்துக்குங்க.”

சென்னியப்பன் வீறாப்பாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பேண்ட்டை அடித்தார், தேய்த்தார், அலசினார். தண்ணீர்தான் கறுத்தது, பேண்ட் வெளுக்கவில்லை. முறுக்கிப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்புள்ள, அந்த மிஷின் கடை எந்நேரம் வரைக்கும் தொறந்திருக்கும்?”

“பூட்டறதுக்கு நேரம் கெடக்குதுங்க. மிச்சத்தையும் தொவைச்சுட்டு வாங்க, சேந்தே போலாம்” என்று சொல்லிவிட்டு, பெரியநாயகி சேலை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள்.