சாக்கில் கிடந்த செயின் லாக்

வண்டி வேலைக்காக முற்றத்தில் விரித்திருந்த சாக்கை உதறப் போனபோதுதான் சினி அதைக் கண்டாள். விரல் நகத்தின் அளவில் ஒரு சின்னத் தகடு. செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்டுகிற லாக். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மாமனார் ரெத்தினதாஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். பின்னால் இரண்டு ஏத்தன் வாழைக்குலைகளைக் கட்டியிருந்தார். பெருங்கடவிளைச் சந்தைக்கு.

வண்டி அவள் கணவன் ரெஜியுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய நூறு சிசி பைக். அவன் மஸ்கட்டில் டிரைவர் வேலைக்குப் போன பிறகு, பாறசாலையில் தையல் யூனிட்டுக்குப் போய்வர சினி அதை ஓட்டத் தொடங்கினாள். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடித்தார்கள். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் போனில் வீடியோ பார்த்துப் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். வண்டி ஓடியது. பிறகு கிளட்ச் கேபிள், பிறகு பிரேக் ஷூ. மாமியார் நேசத்துக்கு இது பிடிக்கவில்லை. ரெத்தினதாஸ் நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேவைப்பட்டால் சாவியை எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

அன்று காலை அவள் செயினைக் கழற்றிக் கழுவி, பல்சக்கரத்தில் சுற்றி முனைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது ரெஜி வீடியோவில் கூப்பிட்டான். கையில் கறுப்பைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொடு, அப்பனும் நீயும் ஏறுகிற வண்டி, விளையாட்டுச் சாமான் இல்லை என்றான். இத்தனை நாளும் யார் பார்த்தது என்று அவளும் விடவில்லை. பேசிப் பேசிக் கிணற்றடிவரை போய்விட்டாள். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோபத்திலேயே மிச்ச வேலையை முடித்தாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததும், எண்ணெய் விட்டதும் நினைவிருந்தது. லாக் மாட்டியது மட்டும் நினைவில் இல்லை.

புதிய லாக் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பழையதைத் தென்னையடியில் எறிந்ததாகத்தான் ஞாபகம். அப்படியானால் கையில் இருப்பது புதியது. ஒருவேளை எறியாமல் விட்டிருந்தால் இது பழையது. மண்ணெண்ணெயில் முக்கினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் மினுங்கும். தென்னை மூட்டில் சருகைக் கிளறினாள். ஒன்றும் இல்லை.

மாமனாருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் போனைப் பாலித்தீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். வண்டியில் போகும்போது எடுக்க மாட்டார். நேசம் அடுக்களையிலிருந்து என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். சரோஜத்தின் மகள் நந்தனா ஸ்கூட்டரை எடுத்துக் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சினியின் முகத்தைப் பார்த்ததும், ஏறுங்க அக்கா என்றாள்.

ஏறியதும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, குன்னத்துகால் தாண்டியதும் வரும் ஒவ்வொரு வளைவிலும் சினி எட்டி எட்டிப் பார்த்தாள். ரோட்டில் குலை சிதறிக் கிடக்கிறதா, ஆட்கள் கூடி நிற்கிறார்களா? லாக் இல்லாமல் செயின் கழன்றால் சும்மா தொங்கிவிட்டுப் போகாது. சக்கரத்தில் சுற்றி இறுகினால் வண்டி சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறியும். அதுவும் சந்தைக்கு முன்னால் வரும் அந்தப் பெரிய இறக்கத்தில், குவாரிக்குப் போகிற டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற நேரத்தில். எதிரே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து கடந்து போனது. அவள் நந்தனாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஆம்புலன்சில் ஆள் இல்லை, காலிதான் என்று நந்தனா சொன்னாள். நந்தனாவும் அதைத்தான் கவனித்திருக்கிறாள்.

இறக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாயாக்கடை. அதன் வாசலில் குலைகளோடு வண்டி நின்றது.

நந்தனாவை அனுப்பிவிட்டு, கடைக்குள் பார்க்காமல் நேரே வண்டியருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். லாக் இருந்தது. புதிய லாக், சரியான திசையில், ஒழுங்காகப் பூட்டியிருந்தது. கையிலிருந்ததுதான் பழையது. அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள்.

உள்ளேயிருந்து ரெத்தினதாஸின் குரல் கேட்டது. ஆட்டோ ஓட்டுகிற கனகதாஸிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்பம் நான் ஒர்க்‌ஷாப்புக்கே போறதில்ல. வீட்டுல மருமவளாக்கும் எல்லாம் பாக்குது. சத்தம் கேட்டியா, தையல் மிஷின் மாதிரி இருக்கு."

இந்த மனுஷன் இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு உடனே எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. எழுவதற்காகப் பின்சக்கரத்தில் கை ஊன்றினாள். சக்கரம் பக்கவாட்டில் அசைந்தது.

மறுபடி ஆட்டினாள். மறுபடி அசைந்தது. குனிந்து, சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் ஆக்ஸில் நட்டைத் தொட்டாள். அது விரலோடு சுற்றி வந்தது. செயினைக் கழற்றுவதற்காகத் தளர்த்தியதை ஸ்பேனர் போட்டு முறுக்கவே இல்லை. கையால் சுற்றி வைத்த நிலையில்தான் போன் வந்திருக்கிறது, அல்லது அதற்குப் பிறகு கோபத்தில் மறந்திருக்கிறாள். எதுவானால் என்ன. இத்தனை தூரம் அவர் இந்தச் சக்கரத்தின் மேல் வந்திருக்கிறார். இனி இறக்கம்.

"சினியா? நீ எப்பிடி இஞ்ச?" ரெத்தினதாஸ் சாயா கிளாசோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே கனகதாஸும் வேறு இரண்டு பேரும்.

சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு எப்படியாவது வண்டியை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ரெஜியின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் சொன்னது சரியாகிவிட்டது. ஆனால் சாவி அவர் கையில் இருந்தது; சொல்லாவிட்டால் அவர் இதிலேயே இறங்கிப் போவார்.

"மாமா, வண்டிய எடுக்காண்டாம். பின் சக்கரத்துக்க நட்டு நான் முறுக்கல்ல. மறந்துபோச்சு. இறக்கத்துல சக்கரம் கோணிருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை.

கனகதாஸ் குனிந்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். ஒரு முறை மாமனாரையும் ஒரு முறை மருமகளையும் பார்த்துவிட்டு, ஆட்டோவிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து முறுக்கப் போனான்.

"அவளுக்க கையில குடு" என்றார் ரெத்தினதாஸ்.

ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. செயின் இழுப்பைப் பார்த்து, சக்கரத்தை நேராக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். பிறகு மற்ற நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தொட்டதையே மறுபடி தொட்டாள். அவர் சாயாக்கடைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். கோபமா, பயமா, அந்த முகத்திலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அவர் திருப்பிக் கொடுத்த கிளாசில் சாயா பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

குலைகளை ஆட்டோவில் ஏற்றிவிடச் சொன்னார். பிறகு சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பொறத்தால இருக்கேன்."

"எனக்கு பயமாட்டு இருக்கு மாமா."

"எனக்கும் உண்டு. மெதுவா போ."

முதல் கியரில் இறங்கினாள். டிப்பர் ஒன்று ஆரன் அடித்துத் தாண்டிப் போனபோது வண்டியே குலுங்கியது. சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்பதுபோல இருந்தது. காற்றாக இருக்கலாம். பாதி இறக்கத்தில் ஓரமாக நிறுத்தினாள். அவர் இறங்கி, பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார். அவள் குத்தவைத்து நட்டில் விரலை வைத்து அழுத்தினாள். அசையவில்லை. இருந்தும் அவளுக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை.